வெள்ளம் தமிழன் வீட்டில்; பாடம் ஆங்கில ஏட்டில்!

சான்றிதழ் வாங்குவதிலே தமிழன் எவர்க்கும் பின்னின்றவன் அல்லன். வெள்ளையர் ஆண்ட காலத்திலே இலண்டன் மற்றிக்குலேசன் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரிலே மாட்டினான். பின்பு எழுதுவினைஞர் பரீட்சையிலே தேறி, யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்கு வந்தான். இன்று வெள்ளவத்தையிலே ஏழாம் மாடி வீட்டில் மின்விசிறியின் கீழிருந்து கணினியைத் திறக்கிறான். மூன்று மணி நேரத்தில் அனர்த்தகால மனிதாபிமானப் பணி பற்றிய சான்றிதழொன்றை அச்சிட்டு எடுத்துவிடுகிறான். சுவர் ஏழு மாடி உயர்ந்துவிட்டது. மாட்டும் வழக்கம் மாறவில்லை.

அந்தச் சான்றிதழால் மாவடிப்பள்ளி வீதியிலே உழவு இயந்திரத்திற் சென்ற பிள்ளைகளுக்கு என்ன பயன் விளைந்தது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள். அம்பாறை மாவட்டமெங்கும் அடைமழை. நிந்தவூரில் மத்ரசாவிலே ஓதிக்கொண்டிருந்த மாணவர்கள் சம்மாந்துறைப் பக்கமுள்ள தம் வீடுகளுக்கு உழவு இயந்திரப் பெட்டியிலே புறப்பட்டார்கள். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம் அதனைக் கவிழ்த்தது. மாணவர் சிலருடைய உடல்களே பின்னர் மீட்கப்பட்டன. அவர்கள் தமிழ் பேசிய பிள்ளைகள். அவர்களை ஏற்றிச் சென்றவர்களும் தமிழ் பேசியவர்களே.

அரையடி உயரத்துக்கு வேகமாய்ப் பாயும் நீர் வளர்ந்த ஆளையே விழுத்திவிடும். இரண்டடி நீர் மோட்டார் வாகனங்களிற் பெரும்பாலானவற்றை இழுத்துச் செல்லும். வீதியை மூடி ஓடும் வெள்ளத்தின் அடியில் வீதி இருக்கிறதா, அறுத்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. எத்துணைச் சிறிய பாடம்! இதனைப் படிக்கப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை; பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடப் பாடம் உலகத்து இணையத்திலே படங்களோடும் காணொளிகளோடும் இலவசமாய்க் கிடக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்திலே கிடக்கிறது.

இணையவழிப் பயிற்சித் தளங்களை அறியாத வாசகர்க்கு ஒரு விளக்கம் கூறிவிட்டு மேலே செல்வோம். புயலாலும் வெள்ளத்தாலும் போராலும் மக்கள் வீடிழந்து நிற்கும்போது அவர்களுக்கு உதவுவது இன்று ஒரு தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. முகாமிலிருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டும். இருக்கவும் படுக்கவும் 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும். 20 பேருக்கு ஒரு மலசலகூடமேனும் வேண்டும். 'ஸ்பியர்' என்னும் சர்வதேசக் கைந்நூல் வகுத்த அளவுகள் இவை. இவைபோன்றவற்றைப் பயிற்றுவிப்பதற்காக 2013ஆம் ஆண்டில் 'டிசாஸ்டர் ரெடி' என்ற தளமும், 2016இல் 'காயா' என்ற தளமும் எழுந்தன. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனமும் ஐக்கிய நாடுகளின் பயிற்சி நிறுவனமாகிய யுனிடாரும் தத்தமக்குரிய தளங்களை நடத்துகின்றன. மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தாற் பதிந்துகொள்ளலாம். பாடத்தைப் பார்த்து, கேள்விக்கு விடை குறித்து, தேறினாற் சான்றிதழ் வந்துவிடும். பெரும்பாலும் காசு கேட்பதில்லை.

இவற்றை நாம் பழிக்கவில்லை. நல்ல பாடங்கள். ஓர் ஏழை நாட்டின் தொண்டனும் பணக்கார நாட்டின் நிபுணனும் ஒரே பாடத்தைப் படிக்க வழி செய்திருப்பது பாராட்டுக்குரியதே. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு என்பனவே அங்கே கோலோச்சுகின்றன. உலகெங்கும் ஏழெட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழுக்கு அந்தச் சபையிலே வாயிற்படியிற்கூட ஒழுங்கான இடமில்லை.

1956ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பாராளுமன்றம் சிங்களம் மட்டும் என்று சட்டம் செய்தது. தமிழர் கொதித்தெழுந்தார்கள், காலிமுகத்திடலிலே அடிவாங்கினார்கள். இன்று உயிர்காக்கும் கல்வியிலே ஆங்கிலம் மட்டும் என்று எவரும் சட்டம் செய்யாமலே ஒரு நிலை நிறுவப்பட்டிருக்கிறது. கொதிக்க ஒருவரையும் காணோம்! ஏன்? சிங்களம் மட்டும் என்றது நமது உத்தியோகத்தைப் பறித்தது. ஆங்கிலம் மட்டும் என்பதோ நம்மிற் சிலருக்கு உத்தியோகம் கொடுக்கிறது. கசப்பான உண்மை, ஆயினும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஓடிவருபவன் யார்?

அனர்த்தம் நிகழ்ந்ததும் முதலில் வந்து கைகொடுப்பவன் சர்வதேச நிபுணன் என்றே பலர் எண்ணுகிறார்கள். அவன் வருவதற்கு இரண்டு நாளாகும். சிலவேளை ஒரு வாரமாகும். முதல் ஒரு மணி நேரத்திலே வருபவன் அயல்வீட்டுக்காரன். தோட்டத்திலே பக்கத்து லயத்தான். கரையோரத்திலே கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளர். வன்னியிலே கமக்காரர் அமைப்பின் தலைவர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே குண்டு வெடித்தபோது முதலிற் காயப்பட்டவரைத் தூக்கியோர் யார்? பூசைக்கு வந்து உயிர் தப்பியோரும் அயலாருமே. பெருங்காயத்திலிருந்து பீறிடும் குருதியை நிறுத்தாவிட்டாற் சில நிமிடங்களிலே உயிர் போய்விடும். துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையை எடுக்காமல் இறுக்கி அழுத்த வேண்டும் என்று கொட்டாஞ்சேனைத் தெருவிலே எத்தனை பேருக்குத் தெரியும்? ஜம்பட்டா வீதியிலே கடை வைத்திருப்பவரை, முச்சக்கர வண்டி ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கு யார் ஐயா சொல்லித் தந்தது?" என்றே பெரும்பாலோர் கூறுவர்.

கொட்டாஞ்சேனையைச் சுற்றிப் பார்த்தாற் போதும். வடக்கே முகத்துவாரம், மட்டக்குளி. களனி கங்கை கடலோடு கலக்குமிடம். கங்கை பெருகினால் அங்கேதான் தாழ்நிலத்து வீடுகள் நீரில் நிற்கும். பக்கத்திலே புளூமெண்டால், நகரத்துக் குப்பையை ஆண்டுக்கணக்காய்க் குவித்த இடம். குப்பைமேடு என்ன செய்யும் என்பதை 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொலன்னாவை மீதொட்டமுல்லையிற் கண்டோம். மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வெள்ளவத்தையார் தமக்கு இதிலே பங்கில்லை என்று எண்ண வேண்டாம். முன்னே கடல், நடுவே கால்வாய், இடையிலே ஒன்றையொன்று உரசி நிற்கும் மாடிக் கட்டடங்கள். மின்சாரத் தீ பிடித்தாற் பாட்டியை எந்தப் படியால் இறக்குவது, மின்தூக்கியைப் பயன்படுத்தலாமா என்பதைத் தம் மாடியிலுள்ள எட்டு வீட்டாரும் என்றேனும் கூடிப் பேசியதுண்டா? பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி மட்டும் மாதந்தோறும் கூடிப் பேசுகிறார்கள்.

மொழி உயிரைக் காக்கும் என்பதற்கு நாம் கற்பனைச் சான்று தேட வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏறத்தாழ ஏழு மணிக்குச் சுமாத்திராவின் கரைக்கப்பால் நிலம் நடுங்கிற்று. அந்த அலை நம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அத்தனை நேரமும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் மக்கள் ஒன்றுமறியாது இருந்தார்கள். கடல் உள்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் உண்டு. இத்தீவிலே 30,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் நடுக்கம் தோன்றிய இடத்துக்கு அண்மையிலே சிமெலுவே என்றொரு சிறு தீவு. அங்கே அலை வரப் பத்து நிமிடமளவே ஆயிற்று. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவிலே மாண்டோர் எழுவர் மட்டுமே! காரணம் என்ன? 1907ஆம் ஆண்டில் அத்தீவைப் பேரலை அழித்தது. அதற்கு அம்மக்கள் தம் மொழியிலே 'ஸ்மொங்' என்று பெயரிட்டு, பாட்டன் பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். நிலம் ஆடியதும், கடல் வற்றியதும், "ஸ்மொங்! ஸ்மொங்!" என்று கூவிக்கொண்டு மலைக்கு ஓடினார்கள். கணினி இல்லை, கருவி இல்லை, சான்றிதழ் இல்லை. தாய்மொழியிலே ஒரு சொல் இருந்தது.

அரசாங்கத்தின் கணக்கு

சுனாமியின் பின் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றிற்று. அதற்கு ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழி என்றாகிவிட்டது. 1988இல் 16ஆம் திருத்தம் அதனை விரித்தது. 2007 யூலை 1ஆம் நாளின் பின்பு அரச சேவையிற் சேர்வோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் பிறந்தது. ஏட்டிலே தமிழுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை.

2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் வந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை, கேகாலை மாவட்டங்களிலே மலைகள் சரிந்தன. களனி பெருகிக் கொழும்பின் புறநகரை மூழ்கடித்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள், காணாமற்போனோர் வேறு. மலையகத்திலே தமிழர் செறிந்து வாழும் தோட்டங்கள் இருக்கும் மாவட்டங்களே பேரிடி வாங்கின. எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வேகத்திலே தமிழில் வரவில்லை. வந்தவையும் குறைந்தும் பிந்தியும் வந்தன என்ற குற்றச்சாட்டு அந்நாட்களிலேயே பகிரங்கமாய் எழுந்தது. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்பது இந்நாட்டு அலுவலகங்களிலே நாம் எழுபதாண்டாய்க் கேட்டுச் சலித்த பல்லவி. மழைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லையே! அது லயத்துக் கூரையிலே நேரே பெய்தது.

வந்த தமிழாவது விளங்குகிறதா? "செம்மஞ்சள் நிலை எச்சரிக்கை" என்று ஓர் அறிவித்தல் வருகிறது. தோட்டத்திலே கொழுந்து கொய்யும் தாய் அதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும்? மூட்டை கட்ட வேண்டுமா, வேலைக்குப் போக வேண்டுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வகுத்துள்ள அளவு மிக எளிது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகு. 150ஐத் தொட்டால் வெளியேறு. 150 மில்லிமீற்றர் என்பது ஆறு அங்குலம். நேர்ச்சுவருள்ள பால்மாத் தகரமொன்றை வெளியிலே மரத்தின் கீழோ கூரையின் கீழோ அல்லாத இடத்திலே வைத்து, காலையில் அடிமட்டத்தாலே அளந்தால் எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் இதனைக் கண்டுகொள்ளும். நிலத்திலே புது வெடிப்பு, சாய்ந்துவரும் மரம், திடீரென்று கலங்கி ஊறும் ஊற்று, கதவு நிலையிலே இறுகுதல் ஆகியவற்றைக் கண்டால் அளவைப் பாராமலே ஓட வேண்டும். இதுவல்லவா பாடம்! இதனை ஒரு பக்கத் தமிழிலே எழுதி ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டுவதற்கு எத்தனை அமைச்சர்கள் வேண்டும்?

இங்கே ஒன்றை ஒளியாமற் கூற வேண்டும். பாடம் மட்டும் உயிரைக் காத்துவிடாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. அறிவித்தல் இருந்தது, போவதற்கு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. காணியில்லாத தொழிலாளிக்கு "ஓடு" என்று சொல்வது அறிவுரையாகாது. எங்கே ஓடுவது என்று அவன் திருப்பிக் கேட்பான். ஆகவே மலையக மக்களின் காணியுரிமைப் போராட்டத்துக்குப் பதிலாக ஒரு வலைத்தளத்தை நீட்டுபவர்களை நாம் நம்பவில்லை. இரண்டும் வேண்டும். ஆனால் காணி வரும்வரை கல்வி காத்திருக்க வேண்டும் என்று எவரேனும் வாதித்தால், அதுவும் வேறொரு வகைக் கொலை.

கமக்காரருக்கும் இதுவே கதை. 2018 டிசம்பரிலே இரணைமடு நிரம்பி வழிந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. வான்கதவுகளை எப்போது திறந்தார்கள், கீழேயுள்ள மக்களுக்கு எப்போது சொன்னார்கள் என்பது பெரும் வாதமாயிற்று. குளத்து நீர்மட்டம் இன்ன அளவைத் தாண்டினால் இன்ன வயல்கள், இன்ன ஊர்கள் என்று முற்கூட்டியே வரைந்த படமொன்று ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் கையிலும் இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிராது. 2024 டிசம்பரிலே யாழ்ப்பாணத்திலே வெள்ளத்தின் பின் ஒரு காய்ச்சல் பரவி உயிர்களைக் குடித்தது. மர்மக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேசிற்று. எலிக்காய்ச்சல் என்று பின்னரே தெளிவாயிற்று. சேற்றிலே இறங்கும் உழவனுக்கு முற்காப்பு மாத்திரை உண்டு. சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தைக் கேட்டால் தருவார்கள். கேட்க வேண்டும் என்று தெரிந்தவன்தானே கேட்பான்?

கொழும்பு ஏழின் கூட்டங்கள்

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அவர்களுடைய குற்றத்தை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சுனாமியின் பின் உதவிப் பணிகளை ஆராய்ந்த சர்வதேச மதிப்பீட்டுக் கூட்டணி 2006ஆம் ஆண்டிலே தந்த அறிக்கை, வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் மக்களின் ஆற்றலை ஒதுக்கித் தள்ளினார்கள் என்று கூறிற்று. ஊரிலே பிணம் அடக்கியவனும், அடுப்பு மூட்டியவனும் ஊரின் பெயரும் தெரியாதவர்கள் ஆங்கிலத்திலே நடத்திய கூட்டத்திலே பின்வரிசையில் இருந்தார்கள். 2016இல் இஸ்தான்புல்லிலே பெருங்கூட்டம் கூட்டி, நிதியிலே நூற்றுக்கு 25 பங்கை 2020ஆம் ஆண்டுக்குள் உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்போம் என்று வாக்களித்தார்கள். வாக்குக் காற்றிலே போயிற்று. பணம் ஏன் உள்ளூருக்குப் போகவில்லை என்று கேட்டால், உள்ளூராருக்குப் "பயிற்சி போதாது" என்பார்கள். பயிற்சி எங்கே என்றால், இணையத்திலே என்பார்கள். எந்த மொழியில் என்றால்... வட்டம் முடிந்துவிட்டது! செக்குமாட்டுக்குக்கூட இடையிலே தண்ணீர் காட்டுவார்கள்.

2025ஆம் ஆண்டிலே அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே இழுத்து மூடியபோது, கொழும்பிலும் பல அலுவலகங்களின் நெஞ்சு படபடத்தது. பிறர் பணத்திலே, பிறர் மொழியிலே கட்டிய மனை எந்த வேளையும் பூட்டப்படலாம்.

நம் வீட்டுக் குற்றம்

அரசாங்கத்தையும் அந்நியரையும் ஏசிவிட்டுக் கைகழுவுவது நமக்கு எளிது, கைவந்த கலையுங்கூட. இனி வெள்ளவத்தையைப் பார்ப்போம்.

கொழும்புத் தமிழருக்கு அகதி வாழ்வு புத்தகத்திலே படித்த செய்தியன்று. 1958இலே, 1977இலே, 1983இலே தத்தம் வீட்டிலிருந்து விரட்டப்பட்டார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் ஆயிரக்கணக்காய் அடைந்து கிடந்தார்கள்; கப்பலேறி வடக்கே போனார்கள். ஒரு குழாயடியிலே நூறு குடும்பம் நின்றது எப்படியென்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். முகாமை நடத்தும் கலையை அவர்கள் எந்தத் தளத்திலும் படிக்கவில்லை, பட்டறிந்தார்கள். அந்த அறிவை ஒரு நூலாக, ஒரு பாடமாக எழுதிவைத்தோமா? இல்லை. அது சவ அடக்கங்களோடு கனத்தை மயானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்துத் தொழில்வல்லார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் நினைப்பூட்டுகிறோம். கட்டடக் கலைஞர் டேவிட் அவர்களும் வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் காந்தீயம் இயக்கத்தை நிறுவி, மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்களை வவுனியாப் பக்கத்திலே குடியேற்றினார்கள். வீடு, கிணறு, பாலர் பாடசாலை, மருந்து என்று ஒவ்வொன்றையும் கூடநின்று செய்தார்கள். 1983 யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். அத்தகைய தியாகத்தை இன்று எவரிடமும் நாம் கேட்கவில்லை. கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை தமிழ் வைத்தியர்! எத்தனை பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணிகள், கணினி வல்லுநர்! ஆங்கிலத்திலே பாடம் படித்துச் சான்றிதழ் பெற்றோர் இவர்களுள்ளே பலர். அச்சான்றிதழைக் காட்டிப் பதவி உயர்ந்தோரும் உண்டு. கனடாவுக்கும் இலண்டனுக்கும் விண்ணப்பித்தோரும் உண்டு. அதிலே தவறில்லை. ஆனால் படித்த பாடத்தைத் தமிழிலே திருப்பி எழுதியவர் எத்தனை பேர்? ஊருக்குப் போகும்போது கிராம உத்தியோகத்தரையும் கடற்றொழிலாளர் சங்கத்தாரையும் அழைத்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்? விரலை மடித்து எண்ணினால் ஒரு கையிலேயே விரல் மிஞ்சும் என்று அஞ்சுகிறோம்.

"தமிழிலே சொற்கள் இல்லையே!" என்று ஒரு பொறியியலாளர் நம்மிடம் கூறினார். யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். தமிழிலே படித்தவர்கள் வைத்தியர்களானார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவருக்கு அகப்பட்ட சொற்கள், யாழ்ப்பாணத்திலே பிறந்து வெள்ளவத்தையிலே வாழும் பொறியியலாளருக்கு அகப்படவில்லையாம்! வான்கதவு, அணைக்கட்டு, மதகு, துருசு, கலிங்கு என்று நீர் சம்பந்தமாய் நம் கமக்காரன் வாயிலே கிடக்கும் சொற்களிற் பாதியைத்தானும் அவர் அறிந்திருந்தால் இப்படிப் பேசியிரார்.

வேறொருவர், "ஆங்கிலந்தானே உலகமொழி; பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்" என்றார். படிக்கட்டும், நாமும் அதையே விரும்புகிறோம். ஆனால் பிள்ளை ஆங்கிலம் படித்து முடிக்கும்வரை மலை சரியாமலிருக்குமென்று அவர் பிணை நிற்பாரா?

"கமக்காரன் இணையத்திலா படிக்கப் போகிறான்?" என்பது மூன்றாவது ஏளனம். இன்று வயல் வரம்பிலே நிற்பவன் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. நெல் விலையும், உரம் வந்த செய்தியும், கனடாவிலுள்ள மருமகளின் பிள்ளை தவழ்ந்த படமும் அதிலேதான் பார்க்கிறான். பத்து நிமிடக் குரற்பதிவை வாட்ஸ்அப்பிலே அனுப்பினாற் கேட்கமாட்டானா? எழுத்தறியாத மூதாட்டியும் கேட்பாள். தமிழிலே செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கொரோனாப் பெருநோய்க் காலத்திலே உலக சுகாதார நிறுவனம் தன் 'ஓபன் ஹூ' தளத்திலே பல பத்து மொழிகளிற் பாடங்களை வெளியிட்டது. தமிழும் அவற்றுள் ஒன்றாய் இருந்தது. நோய் பணக்கார நாடுகளையும் தொட்டபோது தமிழுக்கும் இடம் பிறந்தது! வெள்ளம் நம்மை மட்டும் தொடும்போது நாமேதான் இடம் செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. நாற்பது பாடங்கள் போதும். வெள்ளம், மண்சரிவு, புயல், சுனாமி, தீ, பாம்புக்கடி, குருதி நிறுத்தல், கிணற்றைச் சுத்திகரித்தல், முகாமிலே நீரும் மலசலகூடமும், பெண்களினதும் பிள்ளைகளினதும் பாதுகாப்பு, பயிரழிவைப் படமெடுத்து அளந்து கமநல சேவை நிலையத்திலே பதிதல் என்று தொடங்கலாம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். காணொளியாகவும், குரலாகவும், ஒரு பக்க அச்சாகவும் மூன்று வகையிலே இருக்க வேண்டும். புயல் வந்தால் மின்சாரம் போகும், கோபுரம் விழும், கடதாசி மட்டும் மிஞ்சும். மலையகத்திலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசும் தமிழைக் கேட்டறிந்த ஒருவர் அதனைத் திருத்த வேண்டும். படித்து முடித்தவர்கள் கார்த்திகை மழைக்கு முன்னே ஊரிலே ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். கயிற்றைப் பிடியாதவனுக்குக் கயிறு பற்றிய சான்றிதழ் எதற்கு? கணினி வல்லுநர் நால்வர், வைத்தியர் மூவர், பொறியியலாளர் மூவர், குரல் நல்ல ஆசிரியை ஒருவர் இருந்தால் ஆறு மாதத்திலே முடியும். பணமோ, வெள்ளவத்தையிலே ஒரு கலியாண மண்டபத்து ஒருநாட் செலவைத் தாண்டாது. வேண்டுமானால் மணவறைப் பூவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

1961ஆம் ஆண்டு ஏப்ரலிலே, கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தபோது, தந்தை செல்வா தமிழரசுத் தபாற்சேவையைத் தொடக்கிவைத்தார். முத்திரை அச்சிட்டார்கள், கடிதம் சுமந்தார்கள். சில நாட்களிலே அவசரகாலச் சட்டம் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனாலும் அரசாங்கம் செய்யாததை நாமே செய்து காட்டுவோம் என்ற நெஞ்சுரம் அன்று இருந்தது. இன்று பாடம் வெளியிட எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எவரும் சிறையிலடைக்கப் போவதுமில்லை. தடுப்பது நமது சோம்பல் ஒன்றே.

ஆகவே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெருமக்களுக்கு ஓர் அழைப்பு விடுக்கிறோம். தாங்கள் ஆங்கிலத்திலே படித்த பாடங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதனைத் தங்கள் ஊரிலே தங்கள் தாய்மாமனுக்குச் சொல்வதுபோலத் தமிழிலே எழுதுங்கள். நானூறு சொல்லுக்கு மேற்பட வேண்டாம். இப்பத்திரிகை வாரமொன்றாய் அச்சிடும். கத்தரித்து ஒட்டத்தக்க பக்கத்திலே அச்சிடும். முதலிலே வருவது வெள்ளம் பாயும் வீதியைப் பற்றிய பாடமாயிருந்தால் மகிழ்வோம். வரும் ஒவ்வொன்றையும் அச்சுக்கு முன் ஒரு கமக்காரரிடமும் ஒரு தோட்டத் தொழிலாளியிடமும் படித்துக் காட்டுவோம். அவர்கள் விளங்கவில்லை என்று சொன்னால், எழுதியவர் பேராசிரியராயினும், கட்டுரை மறுதபாலிலே திரும்பி வரும்.